பிழை -31

வின்னிபெக்கில் ஜனவரி.
காரின் மூக்கிலிருந்து தொங்கும் வயரைச்
சுவரில் செருகிவிட்டுத்தான் இங்கே தூங்கப்போவோம்.
செருக மறந்தவனுக்கு எஞ்சின் காலையில்
ஓர் இருமலாவது இருமிக் காட்டும்.

நான் எழுதிய மென்பொருள் இருமவும் இல்லை.

சாம்பல் நிறப் பெட்டி. அதற்குள்
"பிழை -31. வெளியேறுகிறது."
கீழே 'சரி' என்றொரு பொத்தான்.
என்ன சரி?

ரோசாலிண்டா பங்கிலினன்,
தேவாலயப் பாடகர் குழுவுக்கு இசைக்குறிப்பு எழுதுகிறவர்,
எனக்கு எழுதியிருந்தார்:
"ஐயா, இன்றைய குளிரை உங்கள் மென்பொருள்
துல்லியமாகச் சொல்லிவிட்டது.
நேற்று மைனஸ் இருபத்தெட்டுதான்,
நேற்றும் அது முப்பத்தொன்று என்றது,
அதை மட்டும் கவனியுங்கள்.
மற்றபடி, பாட்டு எழுதத் திறக்குமா?"

சிரித்தேன்.
இரண்டாம் முறை படித்தபோது சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை, கார் வயரைச் செருக மறந்திருந்ததால்,
சார்ஜென்ட் அவென்யூவுக்குப் பேருந்தில் போனேன்.
தேவாலயத்தின் அடித்தளத்தில்
மடக்கு நாற்காலிகள், பெரிய காபிப் பாத்திரம்,
யாரோ கழித்துக் கொடுத்த கணினி.
அவர் ஒரு தாளை நீட்டினார்.
பதினொரு நாள் கணக்கு அதில்.
நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன், நான்கு முறை.
தேதியை மாற்றிப் பார்த்தேன்.
மகனைக் கேட்டேன், வேறு வாங்கு என்றான்.
கடைசி வரி, கொஞ்சம் சின்ன எழுத்தில்:
நான்தான் ஏதோ தப்பாகச் செய்கிறேன், மன்னிக்கவும்.

கோட்டைக் கழற்றாமலே
என் நிரலைத் திறந்து தேடினேன்.
ஏழு வருடத்துக்கு முந்தைய ஏதோவோர் இரவு.
-30 ஏற்கெனவே போய்விட்டிருந்தது,
அதனால் -31.
வேறு காரணம் இல்லை.
அதன் பொருள்: ஸ்பீக்கர் இல்லை.

இல்லைதான். வாய்விட்டுப் பாடுகிறவர்களின் அறையில்
ஸ்பீக்கர் எதற்கு?

பையிலிருந்த இயர்போனைச் செருகினேன்.
திறந்துகொண்டது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
அந்தத் தாளை இரண்டாக மடித்தார், நான்காக மடித்தார்,
கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.
திட்டியிருக்கலாம்.

ஒரு வாக்கியம் எழுத ஓர் இரவு பிடித்தது.

"ஒலிச்சாதனத் துவக்கம் தோல்வி."
யாருடைய தோல்வி? அடித்தேன்.
"நீங்கள் ஸ்பீக்கரை இணைக்கவில்லை."
விரல் நீட்டுகிறது. அடித்தேன்.
"மன்னிக்கவும்" என்று தொடங்கிப் பார்த்தேன்,
வங்கிக்காரன் குரல் கேட்டது.
மூன்று மணிக்கு இப்படி நின்றது:
"ஸ்பீக்கர் எதுவும் தென்படவில்லை.
ஒலி இல்லாமல் திறக்கிறேன், நீங்கள் எழுதலாம்.
கேட்க வேண்டுமென்றால் ஒன்றைச் செருகுங்கள்."

இப்படிச் சொல்லிவிட்டதால்
ஒலி இல்லாமல் திறக்கவும் அதைப் பழக்க வேண்டியதாயிற்று.
உள்ளதைச் சொன்னால், அது பத்து நிமிட வேலை.
ஏழு வருடம் யாரும் கேட்கவில்லை,
அல்லது கேட்கத் தெரியாமல் மன்னிப்புக் கேட்டுவிட்டுப்
போயிருக்கிறார்கள்.

அடிலெய்டிலிருந்து டெக்லன், என்னோடு இதைக் கட்டிக் காப்பவன்,
நீளம் என்றான். பெட்டிக்குள் அடங்காது என்றான்.
பெட்டியைப் பெரிதாக்கு என்றேன்.

தூக்கம் போனது போனதுதான் என்று
நிறுவல் கையேட்டையும் திறந்தேன்.
முதல் பக்கத்திலேயே ஐந்து 'எளிதாக'.
ஐந்தையும் பிடுங்கினேன்.
"வழக்கம்போல் தொகுத்துக்கொள்ளவும்" என்றிருந்தது.
எந்த ஊர் வழக்கம்?
தொகுக்கத் தெரிந்தவன் கையேடு படிப்பதில்லை,
படிக்கிறவருக்கோ அந்தச் சொல்லே
பூட்டிய கதவு.

ஞாயிறு மதியம் ரோசாலிண்டாவிடமிருந்து ஒரே வரி.
"இன்று மைனஸ் இருபத்தாறு. மூன்றாம் பக்கத்தில் இருக்கிறேன்."

நான் -30 என்னவென்று தேடிக்கொண்டிருக்கிறேன்.
எழுதியவன் நான்தான்.
குறிப்பு எதுவும் வைக்கவில்லை.